வீட்டுக் காரை வைத்தே மோட்டார் ஸ்போர்ட்ஸில் இறங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோகிராஸ் திடலில் கோன் அடுக்கும்போதும், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கில் மார்ஷலாகக் கொடி பிடித்து நிற்கும்போதும், சொந்தக்காரர் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். எளிய சந்தேகங்கள் முதலில், சிக்கலானவை பின்னால்.

அண்ணா, அஜித் சார் துபாய்ல ரேஸ் ஓட்டினதப் பார்த்ததுல இருந்து ஒரே ஆசை. என்கிட்ட இருக்கறது பழைய ஸ்விஃப்ட். அத வெச்சு ஏதாவது பண்ண முடியுமா?

தாராளமாக முடியும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் அவருடைய அணி தன் பிரிவில் 3ஆம் இடம் பிடித்த பிறகு இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. கேட்கிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போகிற கார் போதும். பிரேக் சரியாக இருக்க வேண்டும், டயர் தேயாமல் இருக்க வேண்டும், கற்றுக்கொள்ளப் பொறுமை இருக்க வேண்டும்.

நம் ஊரில் இந்த விளையாட்டு வளர்ந்ததே வீட்டுக் கார்களில்தான். ட்ராக் என்று ஒன்று வருவதற்கு முன் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்தது. ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 1990இல்தான் வந்தது. கோவையின் கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரின் உள்ளே இருந்தது, நம் தெருவில் ஓடிய மாருதி 800இன் அதே 796 சிசி என்ஜின். அந்தக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 போய்ச் சேர்ந்தார். அதனால் 'சின்ன என்ஜின்தானே' என்ற தயக்கம் வேண்டாம்.

எதுல ஆரம்பிக்கணும்? ராலிங்கறாங்க, ஆட்டோகிராஸ்ங்கறாங்க, ட்ராக் டேங்கறாங்க, ஒண்ணும் புரியல.

புதிதாக வருபவர்களுக்கு மூன்று வாசல் உண்டு. டி.எஸ்.டி. (டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ்) ராலி என்பது பொதுச் சாலையில், சட்டப்படியான வேகத்தில், சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தைக் கடக்கும் கணக்கு விளையாட்டு. ஆட்டோகிராஸ் என்பது திறந்த திடலில் கோன் வைத்துப் போட்ட பாதையில் ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் ஓடி நேரம் எடுப்பது. ட்ராக் டே என்பது பந்தயமே இல்லாமல், மூடிய ட்ராக்கில் உங்கள் காரை ஓட்டிப் பார்ப்பது.

டி.எஸ்.டி.யும் ஆட்டோகிராஸும் முதல் வருடம், ட்ராக் இரண்டாம் வருடம் என்பது என் ஆலோசனை. பக்கத்தில் இன்னொரு காரோடு உரசுகிற மாதிரி ஓட்டும் சர்க்யூட் ரேஸ் அதற்கும் அப்பால். அதற்குப் பாதுகாப்புக் கூண்டு போட்ட தனிக் கார் வேண்டும். வீட்டுக் காரை அதற்குக் கொண்டு போகாதீர்கள்.

டி.எஸ்.டி.ல ஸ்பீடே கிடையாதாமே சார்? அதுல என்ன இருக்கு?

ஒருமுறை வந்து பாருங்கள், சாயங்காலம் தலை கிறுகிறுத்துப் போகும். காரில் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வழியும் நேரமும் சொல்லும் நேவிகேட்டர். புறப்படும்போது ஒரு ரோடு புக் தருவார்கள். அதில் ஊர்ப் பெயர் இருக்காது. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு கோட்டுப்படம், பக்கத்தில் கிலோமீட்டர், கடக்க வேண்டிய சராசரி வேகம், அவ்வளவுதான். வழியில் எங்கே நேரம் குறிக்கிறார்கள் என்பது தெரியாது. ஒரு புளியமரத்தடியில் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பார். சீக்கிரம் வந்தாலும் பெனால்டி, தாமதமாக வந்தாலும் பெனால்டி.

கணக்கு இப்படி. சராசரி 36 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 100 விநாடி. 40 என்றால் 90 விநாடி, 30 என்றால் 120 விநாடி. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி உங்கள் காரின் தூர மீட்டர். அமைப்பாளர் 10 கிலோமீட்டர் என்று சொன்ன தூரத்துக்கு உங்கள் மீட்டர் 10.3 காட்டுகிறது என்று வையுங்கள். அப்படியானால் ரோடு புக்கில் 6 கிலோமீட்டரில் திரும்பு என்றிருந்தால் உங்கள் மீட்டரில் 6.18இல்தான் அந்த இடம் வரும். இதைச் சரிபார்க்காமல் போனால் ஒரு திருப்பம் முன்னாலேயே யாரோ ஒருவருடைய தோப்புக்குள் நுழைந்துவிடுவீர்கள்.

இன்னொன்று: ஓடும் காரில் தலை குனிந்து படித்தால் குமட்டும். நேவிகேட்டர் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நான் முதலில் நேவிகேட்டராகத்தான் வந்தேன். ஒரு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததில், எங்கே பார்ப்பது, எப்போது பதறாமல் இருப்பது என்று கற்றது இன்றைக்கும் கைகொடுக்கிறது.

ஆட்டோகிராஸ்ல என் வண்டி அடிபடுமா?

மோத வேறு கார் இருக்காது. பாதையின் ஓரம் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கோன்தான். இடித்தால் நேரத்தில் பெனால்டி விநாடி கூடும், பம்பரில் ஒரு கறை விழும். பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் கியரிலேயே முடிந்துவிடும். மண் திடல் என்றால் அடிப்பாகத்தில் கல் தட்டும். தாழ்ந்த கார்க்காரர்கள் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பாதையை முதலில் நடந்து பார்க்க விடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தை டீக்கடையில் கழிக்காதீர்கள். காரில் உட்கார்ந்தால் தெரியாத பள்ளம், நடக்கும்போது காலுக்குத் தெரியும்.

லைசென்ஸ் தனியா வேணுமா?

சாலை ஓட்டுநர் உரிமம் முதலில் வேண்டும், அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குமேல் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளுக்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் போட்டி உரிமம் தேவை. சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. இந்தியாவுக்கு ஏற்றுக்கொண்ட அமைப்பு அதுதான். எந்தப் போட்டிக்கு எந்த வகை உரிமம் என்பது அந்தப் போட்டியின் விதிமுறைத் தாளிலேயே இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தாளை முழுதாகப் படியுங்கள். பாதிப் பேர் படிப்பதில்லை, காலை ஆறு மணிக்கு வந்து என்னிடம் கேட்கிறார்கள்.

கார்ல முதல்ல என்ன மாத்தணும்? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எக்ஸாஸ்ட் மாத்து, ரீமேப் போடுங்கறாங்க.

பிரேக் ஆயில். முதல் வருடத்துக்கு இதற்கு மேல் பெரிதாக எதுவும் வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 120இல் வரும் காரை நிறுத்த, 60இல் வரும் காரைவிட நான்கு மடங்கு ஆற்றலை பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். சாலையில் அப்படி ஒருமுறை செய்வோம். ட்ராக்கில் ஒரு சுற்றிலேயே ஐந்தாறு முறை. பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது.

இது எனக்கே நடந்தது. என் இரண்டாவது ட்ராக் டே. புது பிரேக் பேட் போட்டிருந்தேன், ஆயில் நான்கு வருடம் பழையது. நான்காவது சுற்றில் நேர்பாதை முடியும் இடத்தில் பெடலை மிதித்தேன். வழக்கமாகக் கால் நிற்கும் இடத்தில் அது நிற்கவில்லை, ஈரத் துணிமூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இரண்டு முறை பம்ப் செய்து, கியரைக் குறைத்து, புல்தரையில் இறங்கி நின்றேன். கார் நின்ற பிறகும் முன் சக்கரத்திலிருந்து புகையும், கருகின வாடையும் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அங்கே விரிந்த புல்தரை இருந்தது, பாலச்சுவர் இல்லை. அதனால்தான் ஆயில் மாற்றினீர்களா என்று எல்லோரையும் நச்சரிக்கிறேன்.

எக்ஸாஸ்ட் சத்தம் கூட்டும். ரீமேப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது, பவர் கூட்டும், கூடவே வாரண்டியையும் சிக்கலாக்கும். இரண்டும் உங்களுக்கு ஓட்டக் கற்றுத்தராது.

டயர்ல எவ்வளவு காத்து?

ஆட்டோகிராஸுக்கு, தார்த்தரை என்றால், கம்பெனி சொன்ன அளவைவிட முன் டயரில் 3 அல்லது 4 பி.எஸ்.ஐ. கூட்டித் தொடங்குங்கள். திருப்பத்தில் டயரின் பக்கச்சுவர் மடியாமல் நிற்கும். ட்ராக்கில் நிலைமை வேறு. இரண்டு மூன்று சுற்றில் டயர் சூடாகி அழுத்தம் தானாக ஏறிவிடும். அதனால் ஓடிவிட்டு வந்ததும் அளந்து, ஏறியதை இறக்குங்கள்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். டயரின் தரைப்பகுதியும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். ஓடி வந்து பாருங்கள். விளிம்பு வரை அழிந்திருந்தால் சரி. பக்கச்சுவரில் இறங்கியும் அழிந்திருந்தால் காற்று குறைவு. விளிம்பைத் தொடவே இல்லை என்றால் காற்று அதிகம்.

ஸ்க்ரூட்டினில என்ன பார்ப்பாங்க? பயமா இருக்கு.

பயப்பட ஒன்றும் இல்லை. ஸ்க்ரூட்டினி என்பது ஓட்டத்துக்கு முன் நடக்கும் கார் பரிசோதனை. அதைச் செய்கிற ஆள் உங்களைக் காப்பாற்ற வந்தவர். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார், பேரிங் தளர்ந்திருந்தால் தெரிந்துவிடும். பேட்டரி ஆடுகிறதா, ஆயில் ஒழுகுகிறதா, சீட் பெல்ட் பிடிக்கிறதா, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் திரும்புகிறதா என்று பார்ப்பார். இழுவைக் கொக்கி எங்கே என்று கேட்பார். பல கார்களில் அது ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஜாக்கியோடு கிடக்கும். பம்பரில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து திருகி மாட்ட வேண்டும். பத்து வருடமாகக் கார் வைத்திருந்தும் அதைப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

முதல் நாள் இரவே காரைக் காலி செய்யுங்கள். தண்ணீர் பாட்டில், குடை, குழந்தையின் பொம்மை, டேஷ்போர்டுப் பிள்ளையார், எல்லாம் வீட்டில் இருக்கட்டும். ஓட்டுநர் பக்க மிதியடியையும் எடுத்துவிடுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு வந்த பாட்டிலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பைக் ஹெல்மெட் போதுமா?

தொடக்கநிலை ட்ராக் டே, ஆட்டோகிராஸ் சிலவற்றில் முழு முகம் மூடும் நல்ல ஹெல்மெட்டை ஏற்றுக்கொள்வார்கள். பந்தயம் என்று வந்துவிட்டால் கார் பந்தயத்துக்கென்றே சான்று பெற்ற ஹெல்மெட் வேண்டும். அதன் உள்பக்கம் தீயைத் தாங்கும், பைக் ஹெல்மெட்டில் அது கிடையாது. இரவல் வாங்கியாவது நல்லதைப் போடுங்கள். பருத்தி முழுக்கைச் சட்டை, பருத்தி பேன்ட், அடிப்பாகம் மெல்லிய ஷூ. நைலான் டிராக் பேன்ட் வேண்டாம், நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும்.

என் வண்டி ஆட்டோமேட்டிக் / எங்க வீட்ல எஸ்.யூ.வி. தான்.

டி.எஸ்.டி.க்கு இரண்டுமே அருமை. ஆட்டோகிராஸில் ஆட்டோமேட்டிக் ஓட்டலாம். ட்ராக்கில் சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சீக்கிரம் சூடாகும், அதனால் மூன்று நான்கு சுற்றோடு இறங்கி ஆற விடுங்கள். உயரமான எஸ்.யூ.வி.யை ட்ராக்குக்குக் கொண்டு வராதீர்கள். கனத்தின் மையம் மேலே இருப்பதால் கவிழும் வாய்ப்பு அதிகம்.

நல்லாத்தான் ஓட்டறேன், டயர் கத்துது, ஆனா டைம் வர மாட்டேங்குது. என்ன தப்பு?

டயர் கத்துவதே தப்பு. நம் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. பிரேக்கும் திருப்பமும் இழுவையும் எல்லாமே முன் டயர் இரண்டின் தலையில்தான். வேகமாக உள்ளே நுழைந்து ஸ்டியரிங்கை வெட்டினால் அது திரும்பாமல் நேரே வழுக்கிக்கொண்டு போகும். பயத்தில் இன்னும் திருப்புவோம், இன்னும் வழுக்கும். நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். மெதுவாக நுழையுங்கள். வளைவின் உள்விளிம்பைத் தொட்ட பிறகு, ஸ்டியரிங் நேராக நேராக, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுங்கள். மெதுவாகப் போன மாதிரி தோன்றும், கடிகாரம் வேறு சொல்லும்.

வளைவுக்கு நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடாதீர்கள். எடை முன்னால் விழுந்து பின்பக்கம் சுழலும். பார்வை எப்போதும் போக வேண்டிய இடத்தில். கோனைப் பார்த்தால் கோனில்தான் போய் இடிப்பீர்கள்.

சீட்டில் நிலையாக உட்கார ஒரு வழி: சீட்டை ஒரு படி பின்னால் தள்ளி, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பூட்டவைத்து, அப்படியே சீட்டை முன்னால் கொண்டு வாருங்கள். பெல்ட் இடுப்பெலும்பில் இறுகிப் பிடிக்கும். அதன்பின் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்காது.

ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. எல்லாம் ஆஃப் பண்ணணுமா?

வேண்டாம். ஏ.பி.எஸ். வேலை செய்து பெடல் அதிரும்போது காலைத் தூக்காமல் அழுத்தியே வைத்திருக்கப் பழகுங்கள். கார் வழுக்காமல் தானாகப் பிடிக்கும் ஈ.எஸ்.பி.யின் விளக்கு எங்கெல்லாம் மின்னுகிறதோ அங்கெல்லாம் நீங்கள் முரட்டுத்தனமாக ஓட்டுகிறீர்கள் என்று பொருள். ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுகிற மாதிரி. அந்த விளக்கு மின்னாமல் ஒரு சுற்று முடித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

ட்ராக்குக்கு வர்றதுக்கு முன்னாடி ஈ.சி.ஆர்.ல நைட் ரெண்டு மணிக்கு கொஞ்சம் ப்ராக்டிஸ் பண்ணிக்கவா?

கூடாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பதிலுக்காக. இரவு இரண்டு மணிக்கு ஈ.சி.ஆரில் மீன் ஏற்றிக்கொண்டு போகிறவர் இருப்பார், மாடு படுத்திருக்கும், வேலை முடிந்து சைக்கிளில் போகிற காவலாளி இருப்பார். அவர்கள் யாரும் உங்கள் விளையாட்டில் சேரச் சம்மதிக்கவில்லை. ட்ராக்கில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு மார்ஷல், தயாராக ஆம்புலன்ஸ், தீயணைப்பான், ஓடி வர ஆள். சாலையில் மீடியன் கல்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி, அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்தில் கூட்டினார்கள். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் வரை போகலாம். பயிற்சிதான் வேண்டும் என்றால் காலி மைதானத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, நான்கு கோன் வைத்து 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கும் திருப்பமும் பழகுங்கள். மேலே சொன்ன பார்வைப் பழக்கம் அந்த வேகத்திலேயே வந்துவிடும்.

ட்ராக்ல வண்டி இடிச்சிட்டா இன்ஷூரன்ஸ் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாலிசியை எடுத்து, காரை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று வரம்பு சொல்லும் பகுதியைப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினால் செல்லாது என்று இருக்கும். டி.எஸ்.டி. பந்தயம் இல்லையே என்று வாதாடாதீர்கள். அதுவும் இந்த வரம்புக்குள் வரக்கூடும். ராலிக்கென்று ஐ.எம்.டி. 31 என்ற எண்ணில் பாலிசியோடு சேர்க்கும் ஒரு கூடுதல் ஒப்புதல் உண்டு. கிளம்புவதற்கு முன் உங்கள் நிறுவனத்திடம் அதைப் பற்றி எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்ன 'ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்' நாளைக்கு நிற்காது.

பொய் சொல்லி, நெடுஞ்சாலையில் இடித்ததாகக் க்ளெய்ம் போடச் சொல்லும் ஆட்கள் உண்டு. அது மோசடி. பம்பரை மாற்றக் கையில் பணம் இல்லை என்றால் இன்னும் ஆறு மாதம் சேர்த்துவிட்டு வரலாம்.

ரோல் கேஜ், பக்கெட் சீட் எல்லாம் போட்டு அதே வண்டிய ரோட்லயும் ஓட்டலாமா?

வேண்டாம், இரண்டு காரணம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விடாது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்தது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ரோல் கேஜ் என்ற பாதுகாப்புக் கூண்டின் இரும்புக் குழாய், ஹெல்மெட் போட்ட தலையைக் காக்கத்தான். ஹெல்மெட் இல்லாமல் மார்க்கெட்டுக்குப் போகும்போது சின்ன இடியிலேயே தலை அதில் மோதும். கூண்டு போடும் கட்டம் வந்தால் அது தனிக் கார், ட்ரெய்லரில் வர வேண்டிய கார்.

எனக்கு 52 வயசு தம்பி. என் பொண்ணுக்கு 24. யாருக்கு இது?

இரண்டு பேருக்கும்தான் சார். ஒருவர் ஓட்டுங்கள், ஒருவர் நேவிகேட்டர். நான் பார்த்த டி.எஸ்.டி. ஜோடிகளில் சண்டை போடாமல் பாயின்ட் குவித்த பல ஜோடிகள் அப்பா-மகள், மாமியார்-மருமகள். பெண்களுக்கென்றே தனி ராலிகளும் நடக்கின்றன. வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பும் தம்பிகளுக்கும் இதே வழிதான். அம்மா கையில் ரோடு புக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

எவ்வளவு செலவாகும்?

நுழைவுக் கட்டணத்தைவிட டயரும் பேடும்தான் தின்னும். டி.எஸ்.டி.யில் பெட்ரோலும் சாப்பாடும்தான். ட்ராக்கில், சாலையில் லிட்டருக்கு 17 கொடுக்கும் என் கார் 6 தான் கொடுக்கிறது. காசு செலவழிக்காமல் உள்ளே வர வேண்டும் என்றால் மார்ஷலாகப் பெயர் கொடுங்கள். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான கார். சிவப்பும் மஞ்சளும் பட்டை போட்டால் தரை வழுக்கும். கொடியோடு ஒரு வளைவில் ஒரு நாள் முழுக்க நின்றால், யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், யார் எங்கே சுழல்கிறார்கள் என்று பார்த்தே ஒரு வருடப் பாடம் கிடைக்கும்.

ட்ராக் முடிஞ்சு அதே வண்டில வீட்டுக்குப் போகலாமா?

போகலாம், போக வேண்டும் என்பதால்தானே இவ்வளவும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி முடியுங்கள். பிட்டில், அதாவது ட்ராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடத்தில், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கொதிக்கும் பிரேக் ஷூவும் டிரம்மும் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டயர் ஆறியதும் காற்றைச் சாலை அளவுக்குக் கொண்டு வாருங்கள். வீல் நட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பேட் எவ்வளவு மிச்சம், பெடல் கெட்டியாக இருக்கிறதா என்று சோதியுங்கள். மேலே சொன்ன ஈரத் துணி மாதிரி இருந்தால் காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடியுங்கள்.

பிறகு அரை மணி நேரம் நிழலில் உட்காருங்கள், மோர் குடியுங்கள். ட்ராக்கை விட்டு வந்த கண்ணுக்கு 80 என்பது 40 மாதிரி தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் இருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறினால் பூந்தமல்லி வரை லாரியும் கம்பெனி பஸ்ஸும்தான். இடது லேனிலேயே வாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள்.